மேகத்தடியில் சிவந்த கட்டங்கள்

என் காட்டை நான் வெட்டிவிட்டேன் என்று ஒரு படம் வந்தது. ஊர்க்கூடத்துச் சுவரில் அதை ஆணியடித்து மாட்டினார்கள். ஊர் முழுவதும் பச்சை. என் மலை மட்டும் சிவப்பு. சிவப்பு என்றால் முன்பு மரம் இருந்தது, இப்போது இல்லை என்று அர்த்தமாம். படத்தைப் பார்த்தவர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

எங்கள் ஊர் சான் பெனிக்னோவுக்குத் தண்ணீர் என் மலையிலிருந்துதான் இறங்குகிறது. காடு என்னுடையது, அதன் அடியில் வரும் ஊற்று ஊருடையது. அதனால் எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு: ஊற்றுக்கு மேலே மரம் வெட்டியவன் வீட்டுக்குத் தண்ணீர் கிடையாது. புகார் வந்ததும் முதலில் அவன் குழாயை மூடுவார்கள். பிறகு ஊர் கூடி, அப்படியே மூடிவைப்பதா திறப்பதா என்று கை தூக்கும். இந்தக் கட்டுப்பாட்டைப் போட்டபோது நானும் கை தூக்கினேன். அப்போது இன்னொருவன் வீட்டுக் குழாயை நினைத்துத் தூக்கியது.

படம் மாட்டிய மறுநாள் ருபேலியோ சாவியோடு வந்தான். ஊர்த் தண்ணீரைத் திறந்து மூடுகிறவன் அவன். என் மகளுக்கு ஞானத்தகப்பனும் அவன்தான். அந்த முறையில் நாங்கள் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிட வேண்டும், அடித்துக்கொண்டாலும்.

"தப்பா எடுத்துக்காத கொம்பாத்ரே. மூடச் சொல்லிட்டாங்க."

"யாரு?"

"தோஞா சொய்லா."

"அவ சொன்னா கிணத்துல குதிப்பியா?"

"குதிக்கச் சொல்லலியே. வால்வைத்தான மூடச் சொன்னா."

"நான் ஒரு மரத்தத் தொடல."

"படத்துல இருக்கே."

"உன் படம் என் மலைக்கு நடந்து வந்துச்சா?"

"வானத்துல இருந்து எடுத்ததாம்."

"வானத்துல இருந்து பாத்தா உன் மண்டையும்தான் வெட்டின காடாத் தெரியும்."

அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, குனிந்து மூடினான். பூட்டும் போட்டான்.

தண்ணீர் இல்லாமல் வீட்டில் இருக்கலாம், மாடு வைத்துக்கொண்டு இருக்க முடியாது. கறவை மாடுகளை ஓடைக்குச் செங்குத்தான சரிவில் இறக்கி ஏற்ற வேண்டியிருந்தது. சேறு. ஒரு பசு முழங்காலில் அடிபட்டது. இறங்கி ஏறிய மாடுகள் பாலைக் குறைத்துக்கொண்டன. என் மனைவி ஒலிம்பியா பாலாடைக்கட்டித் துணிகளை அலச ஓடைக்குப் போய்வந்தாள், போய்வந்து பேசாமல் இருந்தாள். அவள் பேசாமல் இருப்பது நல்லதல்ல. ஊர் குழாயை ஒரேயடியாக மூடிவிட்டால் மாடுகளை விற்றுவிட்டு நகரத்தில் மகள் வீட்டுக்குப் போவதைத் தவிர வழியில்லை. பூட்டை உடைக்க ஒரு கல் போதும். உடைத்தால் வெட்டினேன் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

யார் செய்த வேலை என்று யோசித்தேன். எனக்கு யார்மேலும் பெரிய நம்பிக்கை கிடையாது, அதனால் பட்டியல் நீளமாக இருந்தது. ருபேலியோவின் மாடுகள் என் வேலிக்கு அந்தப் பக்கம் மேய்கின்றன, அவனாக இருக்கலாம். தோஞா சொய்லா (தோஞா என்பது மரியாதைக்குச் சொல்வது) தண்ணீர்ச் சங்கத்தின் தலைவி, அவளுக்கு என் மலைமேல் கண் இருக்கலாம். படம் என்றாலே எங்களுக்குப் பயம். இதற்கு முன் எங்கள் ஊருக்கு வந்த படங்களெல்லாம் செம்பு தோண்ட வந்தவர்கள் கொண்டுவந்தவை. அந்தப் படங்களில் எங்கள் வீடுகளே இருக்காது. மலை இருக்கும், ஆறு இருக்கும், நாங்கள் இருக்கமாட்டோம்.

தோஞா சொய்லாவின் கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன்.

"எங்கிட்ட கத்தாத எரிபெர்த்தோ. எனக்கு ஒரு காது கேக்காது."

"எந்தக் காதுன்னு சொல்லு, மத்ததுல கத்துறேன்."

"படம் போட்ட இஞ்சினியரம்மா சனிக்கிழமை வருது. அதுகிட்டக் கத்து. ஞாயித்துக்கிழமை கூட்டம். அதுக்குள்ள நீ வெட்டலேன்னு காட்டு."

"வெட்டாததை எப்படிக் காட்டுறது?"

"அது உன் பாடு" என்று சொல்லிவிட்டு யாருக்கோ உப்பு அளக்கப் போய்விட்டாள்.

சனிக்கிழமை பால் லாரியில் அந்தப் பெண் வந்து இறங்கினாள். பெயர் யாதிரா. மாகாணத் தலைநகரில் படம் போடும் அலுவலகத்தில் வேலை. லேப்டாப்பை அரிசிப் பையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். லாரியில் வாந்தி எடுத்த களைப்பு முகத்தில் அப்படியே இருந்தது. சொய்லாவின் கடையில் உட்காரவைத்து வெல்லத் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்து முடிக்கும்வரை பொறுத்தேன். அதற்குமேல் பொறுக்கவில்லை.

"நீதான் என் மரத்தை வெட்டினவளா?"

"நான் படந்தான் போட்டேன் தாத்தா."

"தாத்தா எல்லாம் வேண்டாம். எப்படிப் போட்டேன்னு சொல்லு."

அவள் சுற்றிப் பார்த்தாள். கடையில் முட்டை அட்டைகள் இருந்தன. இரண்டை எடுத்து மேசைமேல் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள்.

"மலையைக் கட்டம் கட்டமாப் பிரிச்சுக்குவோம், இந்த அட்டை மாதிரி. இது முதல்ல எடுத்த படம். ஒரு குழி, ஒரு கட்டம். மரம் இருந்தா ஒண்ணுன்னு எண் போடுவோம், இல்லாட்டி சுழி. இது அப்புறமா எடுத்த படம், அதே மாதிரி. இப்ப இதுல முதல் குழியையும் அதுல முதல் குழியையும் பக்கத்துல வச்சு, ரெண்டும் ஒரே மாதிரியான்னு கம்ப்யூட்டரைக் கேப்போம். அடுத்து ரெண்டாவதும் ரெண்டாவதும். கடைசிவரைக்கும் இப்படியே. ஒரே மாதிரி இருந்தா பச்சை. வேறயா இருந்தா சிவப்பு."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இதுக்கா படிச்ச?"

சொய்லா சிரித்தாள். அந்தப் பெண்ணும் சிரித்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"வா" என்றேன். "உன் ரெண்டாவது அட்டை மேல இருக்கு. வந்து பாத்துட்டுப் பேசு."

சாட்சிக்கு ருபேலியோவைக் கூட்டிக்கொண்டோம். நான் கூப்பிடவில்லை, சொய்லாதான் அனுப்பினாள். ஏறத் தொடங்கியபோது வெயில் இருந்தது. வேலியைத் தாண்டியதும் மேகம். என் மலை எப்போதும் அப்படித்தான். கீழே காய்கிற நாளிலும் மேலே சொட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் ஊற்று வற்றுவதில்லை. யாதிரா கையில் இடம் காட்டும் கருவியைப் பிடித்துக்கொண்டு, பாசிபடிந்த வேர்களில் தடுக்கிக்கொண்டு வந்தாள். ஓரிடத்தில் நின்றாள்.

"இப்ப நாம சிவப்புக்குள்ள நிக்கிறோம்."

பாதையின் இரண்டு பக்கமும் மரங்கள். மேலே கிளைகள் மேகத்துக்குள் போய் மறைந்திருந்தன. ருபேலியோ ஒரு தேவதாருவை உள்ளங்கையால் தட்டினான்.

"அப்ப இது என்ன, வெங்காயமா?"

யாதிரா பாதையை விட்டு இறங்கி ஒவ்வொரு மரமாகத் தொட்டுப் பார்த்தாள். கருவியைப் பார்த்தாள். கொஞ்ச தூரம் மேலே போனோம். அங்கேயும் சிவப்பு, அங்கேயும் மரம்.

"ஒரு படம் கொஞ்சம் தள்ளி உக்காந்திருக்கலாம்" என்று தனக்குள் சொன்னாள். "ஆனா அப்படின்னா ஆத்தங்கரையும் சிவந்திருக்கணும். கரை சரியா இருக்கே."

"அப்ப?"

"தெரியல. கொஞ்சம் உக்காரணும். மின்சாரம் இருக்கா உங்க வீட்டுல?"

"அதை இன்னும் மூடல" என்றேன். ருபேலியோ வேறு பக்கம் பார்த்தான்.

ஒலிம்பியா அவளுக்கு வேகவைத்த சோளமும் பாலாடைக்கட்டியும் வைத்தாள். காபியும் கொடுத்தாள். "ஓடையிலேருந்து தூக்கிட்டு வந்த தண்ணி. மிச்சம் வைக்காத" என்றாள். அந்தப் பெண் ஒரு சொட்டு வைக்கவில்லை.

லேப்டாப்பைத் திறந்தாள். சுவரில் மாட்டிய படத்தில் எங்கள் ஊர் எல்லை மட்டும்தான் இருந்தது. இதில் மலைத்தொடர் முழுவதும் இருந்தது. என் மலையின் முதுகில் ஓடிய சிவப்பு அங்கே நிற்காமல் அந்தப் பக்கமும் இறங்கியிருந்தது. உச்சி உச்சியாகச் சிவப்பு.

ருபேலியோ தலையை நீட்டினான். "அந்தப் பக்கம் மனுசனே கிடையாதே இஞ்சினியரம்மா. கரடி வெட்டிருச்சா?"

அவள் அதற்குச் சிரிக்கவில்லை. ஒரு கட்டத்தைத் தொட்டாள். ஏதோ தட்டினாள். இன்னொரு கட்டம். இன்னொன்று. பிறகு கையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஐயோ" என்றாள். அதற்குப் பின் சொன்னதை எழுத முடியாது. ஒலிம்பியா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"என்ன?"

"மேகம்."

"மேகத்துக்கு என்ன?"

"மேகம் இருந்தா கீழ மரமா வெட்டவெளியான்னு தெரியாது. அதனால அந்தக் கட்டத்துல ஒண்ணும் போட மாட்டோம், சுழியும் போட மாட்டோம். எண்ணே இல்லைங்கறதுக்கு ஒரு குறி இருக்கு, அதைப் போடுவோம். முட்டை அட்டையில ஒரு குழிய மூடி ஒட்டிட்ட மாதிரி. உள்ள முட்டை இருக்கா இல்லையா, தெரியாது."

"சரி."

"உங்க மலையில முதல் படத்துலயும் மேகம், அடுத்த படத்துலயும் மேகம். ரெண்டுலயும் மூடின குழி. நான் ரெண்டும் ஒரே மாதிரியான்னு கேட்டிருக்கேன். அந்தக் குறிக்கு ஒரு விதி இருக்கு தாத்தா. எதோட வச்சுக் கேட்டாலும் ஒரே மாதிரி இல்லேன்னுதான் சொல்லும். அதே குறியோட வச்சாலும். அதையே அதோட வச்சுக் கேட்டாலும். இல்லேன்னா சிவப்பு."

"தன்னைத் தானே இல்லேங்குதா?"

"ஆமா."

"இது யார் போட்ட விதி?"

"ரொம்ப நாளா இருக்கு. தெரியாதது ரெண்டை ஒண்ணுன்னு எப்படிச் சொல்றதுன்னு அப்படி வச்சிருக்காங்க."

"வேறன்னு மட்டும் சொல்லலாமோ?"

அவள் தலைகுனிந்தாள். "மூடின குழிய முதல்ல தனியா எடுத்து வச்சுட்டு மத்ததைத்தான் கேட்டிருக்கணும். எனக்கு இது தெரியும். கம்ப்யூட்டர் படிச்ச எல்லாருக்கும் தெரியும். கடற்கரைப் பக்கம் வறண்ட ஊர்ல வச்சுச் சரிபாத்தேன். அங்க மேகமே இல்ல, ஒரு குழியும் மூடியில்ல. சரியா வந்துச்சு. அப்படியே இங்க கொண்டாந்துட்டேன்."

"அப்ப ரெண்டு குருடனை நிக்கவச்சு, நீங்க பாத்தது ஒண்ணான்னு கேட்டிருக்க."

"ஆமா."

"அவனுங்க இல்லேன்னதும் என் குழாய மூடிட்ட."

"குழாய மூடினது நான் இல்ல."

ருபேலியோ எழுந்து மாட்டைப் பார்க்க வேண்டும் என்று வெளியே போனான். என் மாட்டை.

விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊர்க்கூடத்தில் எல்லோரும் கூடியபோது நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். யாதிரா இரவெல்லாம் உட்கார்ந்து திருத்திய படத்தை லேப்டாப்பில் காட்டினாள். சிவப்பு போய்விட்டிருந்தது. ஆனால் பச்சை வரவில்லை. என் மலை சாம்பல் நிறத்தில் இருந்தது.

நடந்ததை அவளே சொன்னாள். தப்பு என்னுடையது என்று நின்றுகொண்டு சொன்னாள். நான் பார்த்த படித்தவர்களில் அப்படிச் சொன்னவர்கள் குறைவு. ஆனால் அது எனக்குப் போதவில்லை.

"சாம்பல்னா என்னம்மா?" என்று சொய்லா கேட்டாள்.

"தெரியாதுன்னு அர்த்தம்."

"வெட்டலேன்னு அர்த்தமா?"

"இல்ல. தெரியாது."

கூடம் இரைந்தது. தெரியாதுன்னா எப்படித் திறக்கிறது என்று பின்னாலிருந்து ஒருவன். தெரியாதுன்னா எப்படி மூடினீங்க என்று ஒலிம்பியா. நான் எழுந்தேன்.

"நேத்து நீயே பாத்தியே! மரத்தைத் தொட்டுப் பாத்த. பச்சை போட வேண்டியதுதான?"

"நான் பாதையோரத்து மரத்தைத்தான் பாத்தேன். மலை முழுசும் பாக்கல."

"இதுவரைக்கும் பாக்காமயே சிவப்புப் போட்டியே, இப்ப பச்சைக்கு மட்டும் என்ன?"

"அதனாலதான் போட மாட்டேன்" என்றாள். நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. "தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி காட்டித்தான் இவ்வளவும் ஆச்சு. உங்களுக்குச் சாதகமா இருக்குன்னு அதையே திரும்பச் செய்யச் சொல்லாதீங்க."

அந்த நேரத்தில் அவளை அரிசிப் பையோடு உருட்டிவிடலாம் போலிருந்தது. இப்போதும் அவள்மேல் எனக்குப் பிரியம் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் பச்சை என்று சொல்லியிருந்தால் அந்தக் கூட்டத்தில் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள். நானும் நம்பியிருக்கமாட்டேன்.

சொய்லா மேசையைத் தட்டினாள். "போதும். கிளம்புங்க. வீட்டுக்கு ஒரு ஆள். மிங்கா."

மிங்கா என்றால் ஊர் வேலை. பாதை போடவோ குழாய் பதிக்கவோ கூப்பிட்டால் போக வேண்டும். வராதவனை அடுத்த திருவிழாவரை கேலி செய்வார்கள். பார்ப்பதற்காக மிங்கா கூப்பிட்டது அன்றுதான். பூசைக்கு வந்தவர்கள் ரப்பர் பூட்ஸுக்கு மாறிவந்தார்கள்.

வேலியோரம் வரிசையாக நின்றோம். இரண்டு கை நீட்டினால் எட்டாத தூரம் ஆளுக்கு ஆள். மேகத்தில் பக்கத்து ஆள் மட்டும் மங்கலாகத் தெரிந்தான், அதற்கு அப்பால் வெள்ளை. சொய்லாவிடம் கைப்பந்து ஆட்டத்து விசில் இருந்தது. யாதிரா சொன்ன ஏற்பாடு இது: எல்லோரும் மேலே நடக்க வேண்டும். விசில் ஊதினால் நிற்க வேண்டும். அண்ணாந்து பார்த்து, தலைக்கு மேலே மரம் இருந்தால் இருக்கு என்று இடக்கோடியிலிருந்து ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். மறுபடி விசில், மறுபடி நடை.

"இருக்கு."

"இருக்கு."

"இருக்கு. அட்டையும் இருக்கு, என் பூட்ஸுக்குள்ள."

"மரத்தை மட்டும் சொல்லு!"

"இருக்கு, இருக்கு."

குரல் ஒரு கோடியிலிருந்து கிளம்பி மறுகோடியில் என்னிடம் வந்து முடியும். விசில். சேற்றில் பூட்ஸ் சத்தம். விசில். மறுபடி குரல். நான் வலப்பக்கக் கடைசியில் இருந்தேன், சொந்தக்காரன் நடுவில் நிற்கக் கூடாது என்று சொய்லா அங்கே தள்ளியிருந்தாள். என் முறை வந்தபோது நானும் இருக்கு என்றேன். என் மரத்துக்கு நானே சாட்சி சொல்வது அசிங்கமாக இருந்தது.

ஊற்றைத் தாண்டி நெடுந்தூரம் ஏறியபின் ஒரு விசிலுக்குக் குரல் நடுவில் வந்து நின்றுவிட்டது. எல்லோரும் காத்திருந்தோம்.

"யாரது? சொல்லு!" என்றாள் சொய்லா.

"நான்தான். ருபேலியோ." பிறகு, "இல்ல" என்றான். "இங்க இல்ல. வெளிச்சமா இருக்கு."

வரிசை கலைந்து எல்லோரும் அந்தக் குரலை நோக்கிப் போனார்கள். நானும் போனேன். காட்டின் நடுவே பெரிய இடைவெளி. தேவதாரு ஒன்று நீட்டிக் கிடந்தது, பக்கத்து மரங்களையும் இழுத்துச் சாய்த்துக்கொண்டு. அது விழுந்தது எனக்குத் தெரியாது. அவ்வளவு மேலே நான் ஏறி நாளாகியிருந்தது. முழங்கால் விடுவதில்லை. அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

ருபேலியோ மரத்தின் அடிக்குப் போனான். அங்கே ஒரு பள்ளம். அதற்குள் இறங்கி மறைந்தான். மண் சரியும் சத்தம் கேட்டது.

"வேரோட வந்திருக்கு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "மண்ணு சரிஞ்சு சாஞ்சிருக்கு. ரம்பம் பட்ட இடம் எதுவும் இல்ல. கோடாலியும் இல்ல."

"தோண்டிச் சாச்சிருந்தா?" என்று ஒருவன் கேட்டான்.

ருபேலியோ தலையை வெளியே நீட்டினான். முகம் பூராவும் சேறு. "யாரு, இவனா? மரவள்ளிக்கிழங்கு தோண்டவே பொண்டாட்டியக் கூப்புடுற ஆளு. இந்தத் தேவதாருவைத் தோண்டினானாக்கும்!"

சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சொய்லா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானே பள்ளத்தில் இறங்கினாள். கையால் வேர்களைத் தடவிப் பார்த்தாள். மற்ற மரங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஏறிவந்து விசிலை ஊதினாள்.

"தானா விழுந்தது. வரிசைக்குப் போங்க."

உச்சிவரை நடந்தோம். அதற்குப் பிறகு ஒரு இடத்திலும் குரல் நிற்கவில்லை. உச்சியில் கை தூக்கச் சொல்ல வேண்டும், ஆனால் யார் கை தூக்கினாலும் தெரியாத அளவுக்கு மேகம்.

"வாயாலயே சொல்லுங்க" என்றாள் சொய்லா. "எரிபெர்த்தோ வீட்டுக் குழாய். திறக்கவா, மூடவா?"

"திற."

"திற."

"திறங்க, குளிருது, போலாம்."

"திற."

வரிசையில் எங்கோ ஒரு குரல் "மூடு" என்றது. யார் என்று மேகத்தில் தெரியவில்லை. குரல் வந்த பக்கத்தை நான் மறக்கவில்லை. அதற்கு அப்புறம் எல்லாம் திறதான்.

இறங்கிவந்ததும் யாதிரா பால் லாரிக்கு அவசரப்பட்டாள். இதே கணக்கில் போட்ட படம் மலைமேல் இருக்கிற மற்ற ஊர்களுக்கும் போயிருக்கிறதாம். அடுத்த ஊருக்கு அன்றைக்கே போக வேண்டும் என்றாள். அங்கேயும் குழாய் மூடுவார்களா என்று கேட்டேன். ஒவ்வொரு ஊரில் ஒவ்வொன்று செய்வார்கள், ஓர் ஊரில் ஒருவனை ஒதுக்கிவைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதாகச் சொன்னாள். ஒலிம்பியா அவளுக்கு ஒரு பாலாடைக்கட்டியை இலையில் சுற்றிக் கொடுத்தாள். நான் கொடுக்கச் சொல்லவில்லை.

ருபேலியோ சேறு காயாத முகத்தோடு சாவியைக் கொண்டுவந்தான். பூட்டு பழையது, துரு ஏறியிருந்தது, எச்சில் போட்டுத் தேய்த்துத் திறந்தான். முதலில் காற்று வந்தது. குழாய் இருமியது. செம்மண் நிறத்தில் கொஞ்சம் வந்தது. பிறகு நல்ல தண்ணீர்.

"கோவமா கொம்பாத்ரே?"

"ஆமா."

"நியாயந்தான்." கையை அந்தத் தண்ணீரிலேயே கழுவினான். "படத்துல இருந்துச்சு, நம்பிட்டேன்."

"என்னை நாப்பது வருசமாத் தெரியும் உனக்கு."

"அதனாலயும்தான்" என்றான். "நீ வெட்டக்கூடிய ஆளுதான். இந்தத் தடவை வெட்டல, அவ்வளவுதான்."

அதற்குப் பதில் சொல்வதற்குள் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டு மாடுகள் வந்துவிட்டன. முழங்காலில் அடிபட்ட பசு நொண்டிக்கொண்டு முதலில் வந்து, நடுவில் நின்ற ருபேலியோவைத் தலையால் தள்ளிவிட்டு வாயை வைத்தது.